எண்பத்தெட்டாம் குழி

பூவரசுக்கு வளரச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கிளையை ஒடித்து உப்பு மண்ணில் சொருகிவிட்டுப் போனால் போதும், இரண்டு வருஷத்தில் அதன் நிழலில் ஷேர் ஆட்டோ நிற்கும். அப்படியிருக்க, திருவொற்றியூர் கடலோரப் பூங்காவில் எண்பத்தெட்டாம் நம்பர் தகடு கட்டிய பூவரசு மட்டும் மூன்றடியைத் தாண்டவில்லை. பக்கத்தில் எண்பத்தேழும் எண்பத்தொன்பதும் ஆள் உயரத்துக்கு மேலே போய் மஞ்சள் பூ பூத்துவிட்டன. இது நாலு பழுப்பு இலையோடு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வராத ஆள் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

காலையில் வந்ததும் ஜானட் முதல் தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள். மற்ற மரத்துக்கு ஒரு குடம் என்றால் அதற்கு இரண்டு. சாயங்காலம் கிளம்பும்போது குடத்தில் மிச்சமிருந்தால் அதையும் அங்கேயே கவிழ்ப்பாள். "குடி, நல்லா குடி. குடிக்கிறதுல ஒனக்கு இன்னா கொறச்சல்" என்று அவள் முணுமுணுப்பதைக் கேட்டவர்கள், பாவம், வெயிலில் நின்று நின்று இவளுக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் கன்டெய்னர் லாரிகள், மறுபக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை. நடுவில் முப்பதடி அகலத்துக்கு ஒரு கிலோமீட்டர் நீளும் மண். வரைபடம் போட்டவர்கள் காகிதத்தில் பச்சை வட்டமாக இருநூற்றுப் பதினாலு மரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடல் காற்றில் உப்பு வரும், லாரியிலிருந்து கரித்தூள் வரும், சித்திரை பிறந்தால் போர்வெல் தண்ணீர் கரிக்கும் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாது. முதல் கோடையிலேயே புல்தரை தீய்ந்து போனது. மரங்கள் தப்பியதற்குக் காரணம் டேங்கர் லாரித் தண்ணீரும் ஜானட்டும்தான். அவளோடு வேலைக்குச் சேர்ந்த மூன்று பெண்கள் ஒவ்வொருத்தியாக வேறு வேலைக்குப் போய்விட, கடைசி ஒரு வருஷமாக அந்த ஒரு கிலோமீட்டரும் அவளுடையதாக இருந்தது. பகல் முழுக்கப் பேச்சுத் துணைக்கு அலைச் சத்தமும் லாரி ஹாரனும்தான்.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை பாஸ்கல் வந்தான். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர். ராயபுரத்தில் ஜானட் போகிற அதே சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். சைட்டிலும் அதே சுருதியில்தான் கத்துவான்.

"ஜானட்டக்கா, சனிக்கெயம கார்ப்பரேசன் மேடம் வர்றாங்கோ. ஒவ்வொரு மரமா கம்பு வெச்சி அளப்பாங்கோ. அல்லாம் ஓகேன்னா அன்னிக்கே கையெய்த்து. பார்க்கு அவுங்களுது. ரெண்டு வருசப் பேஜாரு நமக்கு முடிஞ்சிது."

"முடிஞ்சா எனக்கு?"

"ஒனக்கு இன்னா, திங்கக்கெயமலேந்து ரெஸ்ட்டு." சொல்லிவிட்டு அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். "நான் கேட்டேங்க்கா. அவுங்க ஆளுங்கள அவுங்க போட்டுப்பாங்களாம். செக்கூரிட்டி கூட வேற கம்பெனி."

"செரி வுடு."

"அத்த வுடு. இத்த இன்னா பண்றது?" எண்பத்தெட்டை விரலால் காட்டினான். "நாளைக்கு நர்சரி வண்டி வருது. இத்தப் புடுங்கிப் போட்டுட்டு ஒரு ஏயடி மரமா நட்டுடலாம்."

ஜானட் குடத்தைக் கீழே வைத்தாள். "வேணாம் பாஸ்கலு. அது கெடந்துட்டுப் போவட்டும்."

"இன்னாக்கா வெளாடுறியா? ரூல்ஸு ஆறடி. இது நோயாளி மாரி கீது."

"இருநூத்திப் பதினாலுல இது ஒண்ணு. ரெண்டு பெருசுக்கு நடுவுல நின்னுகினு கீது. எவன் கண்ணுல படப் போவுது?"

"அந்த மேடம் கண்ணுலயா படாது? மாதாவரத்துல புல்லயே ஸ்கேல் வெச்சி அளந்துச்சாம்."

"போன வருசம் பொயல்ல முப்பது மரம் சாஞ்சிச்சே, யாரு நிமித்திக் கட்டினது? நான் தனியா கட்டினேன். ஒன்ன ஒரு தபா கூட ஒண்ணும் கேட்டதில்ல. இத்த மட்டும் கேக்கறேன், தொடாத."

பாஸ்கல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஒரு மரத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறவளை அவன் பார்த்ததில்லை. "செரி, நானா தொட மாட்டேன். நர்சரி வண்டிய சனிக்கெயம வந்து நிக்கச் சொல்றேன். மேடம் சொன்னா அப்பால எம்மேல கொற சொல்லக் கூடாது" என்று பைக்கை எடுத்தான்.

அவள் பயந்தது மரத்துக்காக இல்லை, அதற்கு அடியில் இருந்த சட்டைக்காக.

சைமன், ஜானட்டின் புருஷன், காசிமேட்டில் லாஞ்சுப் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். இவர்களுக்கு ஒரே பெண், ஜூடி. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலைக்கு நின்றவள், வெற்றி என்கிற டேங்கர் லாரி டிரைவரை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு மீஞ்சூருக்குக் குடிபோய்விட்டாள். வெற்றி எண்ணூர்க் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாவின் மகன். சாமியும் வேறு, சர்ச்சும் இல்லை. சைமன் மகளை ஒதுக்கி வைத்தான். கடல்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று காலமெல்லாம் சொன்னவன், மாப்பிள்ளை கடலுக்கே போகாமல் லாரி ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் அதற்கும் கோபித்துக்கொண்டான். ஒரு வருஷம் கழித்து, மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் வீட்டில் சும்மா இருந்தபோது, ஜூடி அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினாள். நீலக் கட்டம் போட்டது. சைமன் கவரைக்கூடப் பிரிக்காமல் பரண்மேல் எறிந்ததை ஜானட் கண்ணால் பார்த்தாள். தடை முடிந்த முதல் நடையிலேயே லாஞ்சு கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சைமன் வரவில்லை.

நாலாம் நாள் போலீஸ் வந்து, போகும்போது என்ன உடை என்று கேட்டது. ஜூடி பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எஞ்சட்டய போட்டாராமா? ஒரு தபாவாச்சும் போட்டாரா?" என்று மூன்று நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜானட் போலீசைப் பார்த்துச் சொன்னாள்: "நீலக் கட்டம் போட்ட சட்டங்க. அத்தப் போட்டுகினுதான் போனாரு." ஜூடி ஓவென்று அழுதாள். அழுதாலும் அவள் முகம் தெளிந்தது. கடலில் எவனும் பனியனோடுதான் நிற்பான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாமல் போனது.

பத்து நாள் கழித்து ஆந்திராப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியதாகத் தகவல் வந்தது. முகம் அடையாளம் இல்லை, மேலே பனியன் மட்டும்தான் என்றார்கள். "எங்கப்பா இல்ல. அவரு சட்ட போட்டிருந்தாரு" என்று ஜூடியே சொல்லிவிட்டாள். ஜானட் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்த உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அது யாரோ. சைமனாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. கல்லறைத் திருநாளன்று ராயபுரமே காசிமேட்டுக் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போக, தன் புருஷனுக்கு ஒரு குழி இல்லாமல் செய்தது தன் நாக்குதான் என்று அவள் வீட்டைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரிடம் சொல்லி அழுவது?

சட்டை பரண்மேல் கிடந்தது. ஜூடி வந்தால் கண்ணில் படும். எரிக்க மனம் வரவில்லை, குப்பையில் போடக் கை வரவில்லை. பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த வாரம் குழி வெட்டினார்கள். இரண்டரை அடி ஆழம், வரிசை வரிசையாக. பார்த்ததும் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மறுநாள் சட்டையைக் கொண்டுவந்து எண்பத்தெட்டாம் குழியின் அடியில் வைத்து, ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி, மேலே மண்ணும் மரமுமாக மூடினாள். வெறுமனே வைக்கவில்லை. கடலுக்குப் போகிறவன் போனையும் தீப்பெட்டியையும் எப்படிக் கட்டி எடுத்துப் போவானோ அப்படி, கடைக் கவரோடு அரிசிக் கவரில் போட்டு, அதற்குமேல் லாஞ்சுத் தார்ப்பாய்த் துண்டைச் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டி இறுகக் கட்டித்தான் வைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் அவனுக்குக் கட்டிக் கொடுத்த கை அது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் முதல் ஷேர் ஆட்டோவில் வந்து கடப்பாரையை எடுத்தாள். தானே தோண்டி எடுத்துவிடுவது என்று முடிவு. ஒரு அடி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழியில் சேறு கலங்கியது. கரையோரம் நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் குடையோடு நின்றுவிட்டார்கள்.

"இன்னாமா, பொதையல் கீதா?"

"உரம் வெக்கிறேங்க."

"மயயிலயா?"

அவர்கள் நகர்வதாக இல்லை. ஜானட் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஷெட்டுக்குள் போய் நனைந்த புடவையோடு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டேங்கர் வந்தது. வெற்றிதான். எட்டு மாதமாக இந்தப் பூங்காவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது மருமகன்தான். ஆனால் இவர்கள் மாமியார் மருமகன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. புருஷன் பேசாதவனோடு தான் பேசினால் செத்தவனுக்குத் துரோகம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அவன் "தண்ணி திறக்கட்டா அத்தே" என்பான். அவள் குழாயைப் பார்த்து "ம்" என்பாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஒருத்திக்கு வைக்கும் குழம்பு எப்போதும் அதிகமாகிவிடுகிறது. சட்டியை இறக்கும்போது ஜூடி போன் செய்தாள்.

"மா, திங்கக்கெயமலேந்து ஒனக்கு வேல இல்லியாமே? அவரு சொன்னாரு. மீஞ்சூருக்கு வந்துடு."

"வந்து இன்னா பண்ண?"

"தனியா கெடந்து அங்க மட்டும் இன்னா பண்ற? இந்தத் தபா கல்லறத் திருநாளுக்கும் கதவ சாத்திகினு உக்காரப் போறியா?"

"எங்க போயி பூ வெக்கச் சொல்ற?"

ஜூடி தணிந்த குரலில் சொன்னாள். "வுடுமா. எஞ்சட்டயிலதானே போனாரு. நான் அத்த நெனச்சிப்பேன். எனக்கு அது போதும்."

"சாப்டியா?" என்று கேட்டு ஜானட் பேச்சை மாற்றினாள். குழம்பு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாநகராட்சி ஜீப் வந்தது. உதவிப் பொறியாளர் கீர்த்தி இறங்கினாள். ஜூடி வயதுதான் இருக்கும். தொப்பி, ரப்பர் ஷூ, கையில் அடி குறித்த கம்பு. ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு மரத்தையும் தொட்டு ஆட்டிப் பார்த்து, கம்பை நிறுத்தி, காகிதத்தில் டிக் போட்டாள். பாஸ்கல் பின்னாலேயே இளநீரோடு நடந்தான். அவள் வாங்கவில்லை. ஜானட் பத்தடி தள்ளி, ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். எண்பத்தாறு. எண்பத்தேழு.

"இது என்ன?"

"கொஞ்சம் மெதுவா வளருது மேடம்," என்றான் பாஸ்கல்.

"இது வளரவே இல்ல சார். வேர்ல பிரச்சினை. எடுத்துட்டு வேற வைங்க. நான் கடைசி வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பி வரேன். அதுக்குள்ள நட்டிருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா அடுத்த மாசம்தான்."

"நானே தோண்டறேன்" என்று ஜானட் முன்னால் வந்தாள்.

"நவுருக்கா. ஒன் கையால ஆவுற வேலயா? நர்சரி ஆளுங்க டீக்குப் போய்ட்டானுங்கோ. வெற்றி! ஒரு கை குடுப்பா!"

வெற்றி டேங்கரிலிருந்து குதித்து மண்வெட்டியை வாங்கினான். மரம் சுலபமாக வந்துவிட்டது, வேர் அழுகி நாற்றமடித்தது. குழியில் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. இன்னும் ஒரு வெட்டு. மண்வெட்டி எதிலோ பட்டு வழுக்கியது. அவன் குனிந்து கையை விட்டு இழுத்தான். நீலத் தார்ப்பாய் மூட்டை. ஓரமெல்லாம் மேலே மடங்கி, தட்டு போலத் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப் கட்டைப் பார்த்ததும் அவன் கை நின்றது. குப்பத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கட்டு தெரியாதா? நிமிர்ந்து ஜானட்டைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமில்லை.

நாலைந்து மரம் தள்ளிப் போயிருந்த கீர்த்தி திரும்பினாள். "என்னது அது?"

"பழய தார்ப்பாய் மேடம். எவனோ குப்ப கொட்டிகீறான். தண்ணி எறங்காம நின்னதுக்கு இதான் காரணம்" என்று சொல்லிக்கொண்டே வெற்றி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரிக்கு நடந்தான். கீர்த்தி அடுத்த மரத்துக்குப் போனாள்.

டேங்கருக்குப் பின்னால், சாலைப் பக்கம், யாருமில்லை. ஜானட் ஓடிவந்தாள்.

"பிரிக்காத வெற்றி."

முதல் முறையாக அவன் பெயரைச் சொன்னாள். அவன் மூட்டையை அவள் கையில் கொடுத்தான். அவள் லாரிப் படியில் உட்கார்ந்தாள். அவளே டியூபை அவிழ்த்தாள். தார்ப்பாய், அரிசிக் கவர், கடைக் கவர். உள்ளே நீலக் கட்டம், நேற்று வாங்கியது போல.

"எம்.சி. ரோட்ல நாந்தான் எடுத்தேன்" என்றான் வெற்றி. "ஜூடி செவப்பு எடுத்தா. மாமாவுக்கு நீலந்தான் நல்லாருக்கும்னேன்."

"அவரு அத்த பிரிக்கக்கூட இல்லப்பா. நான் பொய் சொல்லிட்டேன். எம்பொண்ணுகிட்ட, போலீசுகிட்ட, அல்லார்கிட்டயும். அந்த ஆந்திரா பொணம்..."

"எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தே. புதுச் சட்டய போட்டுகினு எவன் கடலுக்குப் போவான்?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அவ அன்னிக்குத்தான் ஒரு வாய் சோறு துன்னா. அப்பால எப்டி சொல்றது?"

இரண்டு வருஷமாகத் தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்ததை எட்டடி தள்ளி இன்னொருத்தனும் சுமந்திருக்கிறான். ஜானட் அழுதாள். வெற்றி சட்டையைக் கவரிலிருந்து எடுத்துத் திருப்பினான், மறுபடி திருப்பினான்.

"அத்தே, இது போட்ட சட்ட."

"இன்னா சொல்ற?"

"புதுச் சட்டன்னா உள்ள அட்ட இருக்கும், குண்டூசி இருக்கும். ஒண்ணும் காணோம். மடிப்பு பாரு, கடக்காரன் மடிப்பா இது? காலர்ல பாரு, வேர்வ."

அவள் பிடுங்கிப் பார்த்தாள். காலரின் உள்பக்கம் மங்கலாக ஒரு கோடு. நாலாக மடித்த மடிப்பு சைமனுடையதுதான், கைலியை மடிப்பது மாதிரி ஓரம் சேராமல். நெஞ்சுப் பையில் விரலை விட்டாள். மடித்த ஒரு காகிதம் வந்தது. ரயில் டிக்கெட். நனையாமல், எழுத்து அழியாமல் இருந்தது. வெற்றி வாங்கிப் படித்தான்.

"ராயபுரம் டூ மீஞ்சூர். ரிட்டனு. ஜூன் பன்னெண்டு." அவன் குரல் மாறியது. "தடக்காலம் முடியற ஞாயித்துக்கெயம. எங்க வூட்டுக்கு வந்துகீறாரு அத்தே. நாங்க இல்ல. எங்கம்மா கூப்ட்டாங்கன்னு பூட்டிகினு எண்ணூர் வந்துட்டோம். அதே லைனு. எதுத்தாப்ல வந்த வண்டியிலதான் அவரு போயிருக்கணும்."

ஜானட்டுக்கு அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. லாஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றிருந்தான். அவள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பியபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கையில் பெயின்ட் இல்லை. எந்தக் கடையில் குடித்துவிட்டு வந்தாய் என்று கத்தினாள். அவன் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் அவளும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் கடலுக்குப் போனான்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல அந்த மனுசன்" என்று லாரிப் படியில் அடித்தாள். "பொண்ண பாக்கப் போனேன், பூட்டிக் கெடந்துச்சின்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த."

பாஸ்கல் கத்தும் சத்தம் கேட்டது. வெற்றி எழுந்தான். "மேடம் திரும்பி வந்துடுவாங்கோ. இத்த இன்னா பண்றது, நீங்கோ சொல்லுங்கோ. ஜூடிகிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஜானட் டிக்கெட்டை ஜெபமாலைப் பர்ஸில் வைத்தாள். சட்டையை ஒரு தரம் முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாடை மட்டும்தான் வந்தது. "எங்க இருந்திச்சோ அங்கயே வெச்சிடலாம்."

"கவர் வேணாம் அத்தே. மறுபடியும் தண்ணி நின்னுக்கும்."

அவள் தலையாட்டினாள். வெற்றி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, சட்டையை வெறும் மண்ணில் வைத்துத் தன் கையாலேயே மண் தள்ளினாள். நர்சரி ஆட்கள் வந்து ஏழடிப் பூவரசை இறக்கினார்கள். கீர்த்தி திரும்பி வந்து கம்பை வைத்தாள், டிக் போட்டாள்.

ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கையெழுத்து நடந்தது. மரங்கள் இருநூற்றுப் பதினாலு, உயிருடன். இருக்கைகள் நாற்பது. விளக்குகள் இருபத்தாறு. திருப்திகரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாஸ்கல் சீல் குத்தினான், செல்பி எடுத்தான், லட்டு கொடுத்தான். ஜானட் ஷெட் சாவியையும் சுருட்டிய ரப்பர் குழாயையும் மேசைமேல் வைத்தாள்.

"நல்லா பார்த்துட்டிருந்தீங்கம்மா" என்றாள் கீர்த்தி, லட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு. "அந்தப் புது மரத்துக்கு மட்டும் ஒரு வாரம் தினமும் ஊத்தச் சொல்லணும்."

"யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள் ஜானட். கீர்த்தி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை.

அடுத்த இரண்டு வாரம் ஜானட் வீட்டில் இருந்தாள். காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். போவதற்கு இடமில்லை. எண்பத்தெட்டுக்கு யாராவது ஊற்றினார்களா என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பாள். ஒருநாள் பார்க்கப் போனாள். வாசலில் புதிதாக கேட், நேரம் எழுதிய போர்டு, நீலச் சட்டை செக்யூரிட்டி. இன்னும் திறக்கவில்லை, சாயங்காலம் வாங்க என்றான். திரும்பிவிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று மீஞ்சூருக்குப் போன் செய்தாள். "ஜூடி, சாயங்காலம் திருவொற்றியூர் பார்க்குக்கு வா. வெற்றியயும் கூட்டிகினு வா."

"எதுக்குமா?"

"வாயேன்."

அவர்கள் வந்தபோது செக்யூரிட்டி ஜானட்டிடம் பேசிக்கொண்டிருந்தான். "மெழுகுவத்தி எல்லாம் கொளுத்தக் கூடாதும்மா, போர்டு பாரு. செடிக்குத் தண்ணியும் ஊத்தக் கூடாது. அதுக்கு ஆள் கீது." ஜானட் மெழுகுவத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாமந்திப் பூவை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் எண்பத்தெட்டு வரைக்கும் நடந்தார்கள். புது மரம் பிடித்துக்கொண்டுவிட்டது. அடி மண் மட்டும் காய்ந்து வெடித்திருந்தது.

ஜானட் பர்ஸைத் திறந்து டிக்கெட்டை மகளிடம் கொடுத்தாள். "ஒங்கப்பா ஒன்ன பாக்க வந்துகீறாரு. ஒஞ்சட்டய போட்டுகினு. வூடு பூட்டியிருந்துச்சி, திரும்பிட்டாரு."

ஜூடி தேதியைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். சிரித்தாள், பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"இது எங்க இருந்திச்சி?"

"சட்டப் பாக்கெட்ல."

"எந்தச் சட்ட?"

ஜானட் மரத்தின் அடியைப் பார்த்தாள். வெற்றி வேறு பக்கம் பார்த்தான். துணிக்கடையில் நாலு வருஷம் நின்றவளுக்குச் சட்டையின் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப கடலுக்குப் போறப்ப போடல."

"போடல."

"அப்ப அந்தப் பனியன் ஆளு?"

"தெரியலடி. மாதா சத்தியமா தெரியல. நீ அயுவுறத பாக்க முடியாம சொல்லிட்டேன்."

ஜூடி திரும்பிக் கருங்கல் கரைக்குப் போய் நின்றுகொண்டாள். வெற்றி பின்னால் போகவில்லை. அலை அடித்து அடித்து அவள் காலெல்லாம் நனைந்தது. ஜானட் பூவைக் கையில் பிடித்தபடி நின்றாள். மகள் இனி வரவே மாட்டாள், வந்தாலும் பேச மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டாள். எத்தனை லாரி போயிற்றோ தெரியாது. ஜூடி வந்து மரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தொட்டாள்.

"கவரோடவா வெச்ச?"

"மொத கவரோடதான் வெச்சேன். இப்ப எடுத்துட்டோம்."

"அப்ப நனஞ்சிடுமேம்மா."

"நனையட்டும்."

ஜூடி பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, இருந்த தண்ணீரை எல்லாம் அங்கே ஊற்றினாள்.